சந்தைத் தரையில் அள்ளிய கம்பு

என் கணவர் பட்டாளத்துக்குப் போன பிறகு எனக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியாமல் போயிற்று. உட்கார்ந்தால் ஏதாவது நினைப்பு வரும். உடனே எழுந்துவிடுவேன். எழுந்தால் கைக்கு வேலை வேண்டும். சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டில் அப்போது இருந்தது இரண்டே பேர், நானும் அவருடைய அக்காவும். அந்த அம்மாளை நான் மதினி என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தேவாரம் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைக் குளிர்காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவர். எதையும் நிதானமாகச் செய்வார். ஒரு கீரைக்கட்டை ஆய உட்கார்ந்தால் அது முடிகிறவரை தலை நிமிர மாட்டார். நான் அதற்குள் மூன்று முறை வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்திருப்பேன்.

நிலத்தை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டிருந்தோம். இரண்டு பேருக்கு எவ்வளவு சமையல் இருந்துவிடும்? மீதிப் பொழுதுக்கு எனக்கு இருந்தவை கோழிகள்தான்.

பதினொரு கோழிகள், ஒரு சேவல். என் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். குமுளி மலைக்கு ஏறி இறங்கிய நாட்களில் இந்தக் கோழிகளில் பாதியை அங்கங்கே வாங்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் ரோமமே இல்லாத ஒன்று, காலில் செருப்புப் போட்டதுபோல் இறகு முளைத்த ஒன்று, கறுப்பில் பச்சை மின்னும் ஒன்று. பட்டாளத்தில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்துவிட்டு வந்த வாரத்தில், கொல்லையில் மண்சுவர் வைத்து, ஓடு போட்டு, இடுப்பளவு உயரத்தில் ஒரு கூடு கட்டினார். அதுவரை எல்லோர் வீட்டையும் போலப் பஞ்சாரக் கூடையைப் போட்டு மூடுவதுதான் எங்கள் வீட்டிலும்.

"கீரி வரும். பூனை வரும். கதவை நல்லா அடைச்சுக்கோ" என்றார். போகிற அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னதில் பாதி கோழிகளைப் பற்றித்தான். நேராகச் சொல்ல வாய் வராத ஆண்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கோபம் வந்தது.

விடிந்ததும் கூட்டைத் திறப்பேன். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே பாயும். கடைசிக் கோழி வெளியேறியதும் தலையையும் தோளையும் உள்ளே நுழைத்து, பழைய தகரத் துண்டு ஒன்றால் தரையைச் சுரண்டுவேன். எச்சத்தைக் கூடையில் அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவுவேன். வாரத்துக்கு ஒருமுறை உட்காரும் கட்டைகளை வெளியே இழுத்து வெயிலில் போட்டு, சுவரின் வெடிப்புகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவேன். கோழிப்பேன் அந்த வெடிப்புகளில்தான் குடியிருக்கும். மாதம் ஒருமுறை சுண்ணாம்பு அடித்து, வேப்பிலையைப் புகையவிட்டு அரை நாள் மூடிவைப்பேன். இந்த அளவு செய்தாலே போதும். ஒரு கோழிக் கூட்டுக்கு அதுவே அதிகம்.

ஆனால் முதல் நான்கு மாதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த கடிதம் நின்றுபோனது. அதன் பிறகு நான் மத்தியானமும் சுரண்டினேன். சாயங்காலம் அடைவதற்கு முன்பும் சுரண்டினேன். கட்டைகளை நாள்தோறும் வெயிலில் போட்டேன். கோழிகளுக்கு அது பிடிக்கவில்லை. முட்டையிட நேரம் வந்து கூட்டுக்குள் போனால் அங்கே என் தலை இருக்கும். கறுப்புக் கோழி வெறுத்துப்போய் அடுத்த வீட்டு வைக்கோற்போரில் முட்டையிட ஆரம்பித்தது. அந்த வீட்டுக்காரி இரண்டு வாரம் அந்த முட்டைகளை அவித்துத் தின்றுவிட்டு, பிறகுதான் மதினியிடம் சொன்னாள்.

"ஏத்தா, கூட்டை இப்பிடித் தேய்ச்சா கோழி எங்கன போயி ஒக்காரும்? சும்மாதேன் விடேன்" என்றார் மதினி.

"நாறுது மதினி."

"எனக்கு ஒண்ணும் நாறலையே."

எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன், குடத்தில் தண்ணீர் இருக்கும்போதே.

தீனி விஷயம் தனிச் சண்டை. யுத்தத்துக்கு முன்னால் சாயங்காலமானால் ஒரு கைப்பிடி கம்போ அரிசிக் குருணையோ இறைப்பது வழக்கம். பகலெல்லாம் மேய்ந்து வயிறு நிரம்பியிருந்தாலும் அந்த ஒரு கைப்பிடிக்காகத்தான் அவை வீடு திரும்பும். யுத்தம் வந்து, நெல்லுக்குக் கட்டுப்பாடு வந்து, அரிசி அளந்து கொடுக்கும் காலமானதும் மதினி பானை வாயைத் துணியால் கட்டிவிட்டார்.

"மனுசனுக்கே காணலை. கோழிக்குப் பலகாரமா?"

அவர் சொன்னது நியாயம். ஆகவே நான் கரையான் பிடித்தேன். உடைந்த பானையில் காய்ந்த சாணியும் வைக்கோலும் அடைத்துத் தண்ணீர் தெளித்து, வரப்போரத்தில் கரையான் ஏறும் இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை முழுக்க மொய்த்திருக்கும். கொல்லையில் கொண்டுவந்து தட்டினால், குஞ்சுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பெரிய கோழிகள் விழுந்து பொறுக்கும். வாய்க்கால் நத்தையை உடைத்துப் போட்டேன். வெட்டுக்கிளியைத் துரத்திப் பிடித்தேன். வளர்ந்த பெண்பிள்ளை வயலில் தாவித் தாவி ஓடுவதைப் பார்த்து, நடவுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஓடினேன். ஓடும்போது மட்டும் மனசு கொஞ்சம் அடங்கியது.

வாராவாரம் சந்தை நாளில் கம்பம் ஊருக்கு நடந்தே போவேன். எங்கள் ஊருக்குத் தபால்காரர் வருவார்தான். வாரத்தில் இரண்டு நாள் வருவார், அதுவும் நிச்சயமில்லை. அவர் வரும்வரை காத்திருக்க என்னால் முடியாது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். தபாலாபீசில் பேசப் பயமில்லை. ஜன்னலுக்குள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதல் வாரங்களில் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சொன்னார். பிறகு என் தலை தெரிந்ததுமே கையை விரித்துவிடுவார்.

"வந்தா நாங்க அனுப்ப மாட்டமா? என்னத்துக்கும்மா இம்புட்டுத் தூரம் நடக்குறீக?"

அந்தக் கை விரிப்புக்குப் பிறகு சந்தைக்குள் புகுந்து சுற்றுவேன். வாங்க ஒன்றுமிருக்காது. சந்தையின் கிழக்கு மூலையில், புளிய மரத்தடியில், கோழி வியாபாரிகள் கூடைகளை இறக்கியிருப்பார்கள். கூடைக்குள் கம்பை வீசுவார்கள். பாதி வெளியே சிதறும். சந்தை கலையும் நேரத்தில் தரையெல்லாம் கம்பு கிடக்கும். மண்ணோடும் இறகோடும்தான், ஆனாலும் கம்பு. ஒருநாள் குனிந்து அள்ளினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரி ஒருவர், "கூட்டி எடுத்துக்க தாயி, எறும்புக்குத்தானே போகுது" என்றார். முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தேன்.

மதினியிடம் சொல்லவில்லை. சந்தையில் குனிந்து பொறுக்கினேன் என்று தெரிந்தால் குடும்ப மானம் போயிற்று என்பார். வீட்டுக்கு வந்ததும் நேரே கொல்லைக்குப் போய் முந்தானையை உதறுவேன். பன்னிரண்டும் பறந்து வரும். அந்த ஒரு நிமிஷம், தபாலாபீசுக்குப் போய்விட்டு ஏதோ கொண்டுவந்தவள்போல இருக்கும்.

இப்படி எத்தனையோ சந்தை. எல்லா வாரமும் கம்பு கிடைக்கவில்லை. கிடைத்த வாரங்களில் ஒன்றில், கூடைகளில் இருந்த கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றன. ஒரு கூடையில் இரண்டு படுத்தே கிடந்தன. மரத்துக்குப் பின்னால் நான்கைந்தைத் தூக்கி எறிந்திருந்தார்கள். தேவாரம், கோம்பைப் பக்கமெல்லாம் கோழிக்குக் கொள்ளைநோய் என்று ஒரு வியாபாரி இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் நின்றேன். கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். ஆனாலும் குனிந்து அள்ளினேன். அன்றைக்குத் தபாலாபீஸ் ஜன்னலுக்குள் இருந்தவர் கையைக்கூட விரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

இதற்கு மூன்று வாரம் முன்னால் மதினி ஒரு காரியம் செய்திருந்தார். தம்பி நல்லபடியாகத் திரும்பி வந்தால் எங்கள் காவல் தெய்வத்துக்குச் சேவல் அறுப்பதாக நேர்ந்துகொண்டு, அனுமந்தன்பட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து செவலை நிறத்தில் ஒரு இளஞ்சேவலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதை நேரே எங்கள் கூட்டில் விட்டுவிட்டார். நான் குதித்தேன்.

"கண்ட கோழியையும் கொண்டாந்து விடுறீகளே மதினி! பேனு இருக்குமோ என்னமோ!"

"நேந்து விட்டது ஆத்தா. வாயைக் கழுவு."

நான் அந்தச் சேவலைப் பிடித்துப் புகையிலைத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். அது இரண்டு நாள் என்னைக் கண்டால் ஓடியது. பிறகு எல்லாவற்றோடும் சேர்ந்து மேய்ந்தது.

அந்தச் சந்தைக்கு ஆறாம் நாள் காலை கூட்டைத் திறந்தேன். கழுத்தில் ரோமமில்லாத கோழி வெளியே வரவில்லை. மூலையில் இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. நேற்றுச் சுரண்டிய தரையில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருந்தது. வெளியே தூக்கி வைத்தேன். நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மத்தியானத்துக்குள் கழுத்து முறுக்கிக்கொண்டு செத்தது.

மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் நான்கு. நான் ஓடிக்கொண்டே இருந்தேன். மஞ்சளையும் பூண்டையும் அரைத்து வாயில் ஊட்டினேன். சுண்ணாம்பைக் கரைத்துக் கூட்டுக்குள் வாரி அடித்தேன். கட்டைகளை எரித்தேன். தரை மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிக் கொட்டிவிட்டுப் புது மண் போட்டேன். கையெல்லாம் சுண்ணாம்பில் வெந்துபோயிற்று. காலில் இறகு முளைத்த கோழி என் மடியிலேயே கழுத்தைத் திருகிக்கொண்டது. பெரிய சேவல் நான்காம் நாள் கூவ முயன்று, சத்தம் வராமல், வாயைத் திறந்தபடி நின்றது. எங்கள் தெருவிலும் ஒவ்வொரு வீடாக விழ ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் தொடங்கித்தான் மற்ற வீடுகளுக்குப் போயிற்று. தலை தொங்கியதுமே அறுத்துக் குழம்பு வைத்துவிட்டார்கள் பலர். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. மதினி தொடவில்லை.

மதினி அந்த நாட்களில் ஒன்றுமே செய்யவில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அது எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. செத்த கோழிகளைப் புதைத்துவிட்டு மண்வெட்டியோடு திரும்பியபோது, அந்தச் செவலைச் சேவல் வாழைக்கன்றின் அடியில் நிம்மதியாகக் கிளறிக்கொண்டிருந்தது. நான் மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

"அன்னிக்கே சொன்னேனா இல்லையா? எங்கேயிருந்தோ கொண்டாந்து விட்டீக. இப்பப் பாருங்க, கூடே காலி!"

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் அதத்தேன் நெனைச்சேன்" என்றார் மெதுவாக. "நான் கொண்டாந்த கோழியாலதேன்."

அதைச் சொல்ல அவர் எத்தனை நாளாகக் காத்திருந்தாரோ. நான் அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பத்தாம் நாளில் மூன்று உயிர்கள் மிஞ்சின. வைக்கோற்போரில் தங்கியே பழகிவிட்ட கறுப்புக் கோழி, அதனுடைய பெட்டைக்குஞ்சு ஒன்று, நேர்ந்து விட்ட சேவல்.

அந்த வாரம் மாடுகளைப் பார்க்க மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஊருக்குள் வந்தார். சைக்கிளில், காக்கி அரைக்கால் சட்டையில், நடுவயது மனிதர். நான் அவரை வழிமறித்துக் கொல்லைக்கு அழைத்து வந்தேன். மதினி கிணற்றடிக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் கூட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சுத்தமா நான் எங்கயும் பார்த்ததில்ல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு கேட்டார்: "வெளியேயிருந்து கோழி ஏதும் வந்துச்சா?"

சேவலைக் காட்டினேன். அதைப் பிடித்துக் கண்ணையும் வாயையும் பார்த்தார்.

"இது வந்து எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசம் இருக்கும்."

"அப்ப இது இல்லம்மா. இது கொண்டாந்திருந்தா முதல்ல இதுதான் விழுந்திருக்கும். அந்தச் சீக்கு உள்ள வந்தா நாலு நாள், ஆறு நாள், அதுக்குள்ள காமிச்சிரும். வேற என்ன வந்துச்சு? சந்தையில இருந்து கூடை, தீவனம், ஏதாச்சும்? கீழே விழுந்த தானியத்துல எச்சம் ஒட்டியிருந்தாப் போதும். வியாபாரி கூடை வைக்கிற எடம் பூராவும் சீக்குதான்."

என் கை முந்தானையைப் பிடித்திருந்தது. "ஒண்ணும் வரலை" என்றேன்.

கம்பவுண்டர் கூட்டை இரண்டு மாதம் காலியாக, வெயிலுக்குத் திறந்து போடச் சொல்லிவிட்டுப் போனார். நான் அங்கேயே நின்றேன். மதினி தண்ணீர்க் குடத்தோடு வந்தார். "யாரு வந்துட்டுப் போறது?" என்று கேட்டார்.

"மாட்டாஸ்பத்திரி ஆளு."

"என்ன சொன்னாக?"

"வெயில்ல போடச் சொன்னாக."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் சின்னது. சேவல் மேல் தப்பில்லையாம் மதினி. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

அதன் பிறகு வந்த நாட்களைப்போல் என் வாழ்க்கையில் வேறு நாட்கள் இல்லை. முன்பெல்லாம் வேலை செய்தால் மனசு அடங்கும். இப்போது சுரண்டக் கூடும் இல்லை. வெறும் சுவரைத் தேய்த்தேன். கரையான் பானை வைத்தேன். காலையில் எடுக்க மறந்தேன். மதினியோ சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள், "நேந்து விட்டதே சீக்கைக் கொண்டு வந்திருக்குன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு ரோசிக்கிறேன்" என்றார். தம்பியைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை துணிமூட்டையோடு நின்றார்.

"தேவாரத்துக்குப் போறேன். அங்கன கொழுந்தன் வீட்ல கொஞ்ச நாள் இருக்கேன்."

"என்னத்துக்கு மதினி?"

"நான் போன வீட்டுலயும் தங்கலை. வந்த வீட்டுலயும் எதுவும் தங்கலை. அவன் வர்ற வரைக்குமாச்சும் நான் இங்கன இல்லாம இருக்கேன்."

நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். கம்பம்வரை நடந்து போய், பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்ப அரை மணி நேரம் ஆனது. பின்னால் இருந்த அடுப்பை ஒருவன் சுற்றிச் சுற்றி ஊதிக்கொண்டிருந்தான். அந்த அரை மணி நேரமும் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார், நான் கீழே நின்றிருந்தேன். பஸ் போய்விட்டது. பழக்கத்தில் கால்கள் தபாலாபீசுக்குப் போயின. ஜன்னலுக்குள் இருந்தவர் கையை விரித்தார்.

வீட்டில் தனியாக மூன்று நாள் இருந்தேன். மூன்றாம் நாள் அடுப்பைப் பற்றவைத்து உலையை ஏற்றினேன். அரிசி களையும்போது, தண்ணீரில் அரிசி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அடுப்பை அணைத்தேன். கறுப்புக் கோழியையும் குஞ்சையும் சேவலையும் அடுத்த வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். உத்தமபாளையம்வரை பஸ் கிடைத்தது. அங்கிருந்து கோம்பை வழியாக ஒரு பருத்தி வண்டியில் பாதித் தூரம், நடந்து மீதித் தூரம். வண்டிக்காரர் பெரியவர். மாடு மெதுவாகப் போகிறது என்று நான் இரண்டு முறை இறங்கி முன்னால் நடந்ததைப் பார்த்துவிட்டு, "நீ வண்டியில வர்றியா, வண்டி ஒன் பின்னால வருதா?" என்று கேட்டார்.

தேவாரத்தில் மதினி கொழுந்தன் வீட்டு முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"கடுதாசி வந்துருச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மதினி. அவரைப் பத்தி ஒண்ணும் இல்ல. நான் வேற சொல்ல வந்தேன்."

அவர் மூச்சை விட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் நின்றபடியே சொன்னேன். கம்பவுண்டர் சொன்னது, சந்தை, புளிய மரம், தலை தொங்கிய கோழிகள், முந்தானை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போது முற்றத்தில் இங்குமங்கும் நடந்தேன் போலிருக்கிறது.

"ஒக்காரு மொதல்ல" என்றார்.

உட்கார்ந்தேன்.

"எத்தனை வாரமா அள்ளுன?"

"ரெண்டு மாசமா."

"சீக்குக் கோழிய கண்ணால பார்த்த பொறகும் அள்ளுனியா?"

"ஆமா மதினி."

"ஏன்?"

என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "கடுதாசி இல்லைன்னு சொன்னப்புறம் வெறுங்கையோட வீட்டுக்கு வர முடியலை."

மதினி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உளுந்தில் கல் பொறுக்க ஆரம்பித்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு படி உளுந்தையும் பார்த்து முடிக்கிறவரை பேசவில்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை. கால் மரத்துப்போயிற்று.

"பதினாலு நாளு" என்றார் கடைசியில். "என் தம்பிய நானே கொன்னுட்டேன்னு பதினாலு நாளு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சும் நீ பேசாம இருந்த."

"ஆமா."

"கோழி போகட்டும். அதை எப்பிடித்தேன் மறக்கிறதுன்னு தெரியலை."

நான் அழுதேன். அவர் எழுந்து போய், எனக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தார். வைத்த விதத்தில் கோபம் இருந்தது. ஆனாலும் கல்லுப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப்போட்ட மோர்.

அவர் உடனே கிளம்பிவிடவில்லை. "ரெண்டு நாள் கழிச்சு வாரேன். நீயும் இரு" என்றார். இரண்டு நாளும் எனக்கு அந்த வீட்டில் ஒரு வேலையும் தரவில்லை. அவருடைய ஓரகத்தி, அந்தக் கொழுந்தன் மனைவி, எனக்கு ஏதாவது வேலை சொன்னால், "அவ இருக்கட்டும்" என்று தடுத்துவிடுவார். அது எனக்குத் தண்டனை என்று அவருக்குத் தெரியும். நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் என்னால் தாங்கவே முடியவில்லை. விரல்களால் பாயின் கோரையைப் பிரித்து ஒரு மூலையையே நாசம் செய்துவிட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம், மேற்கே மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் செத்துப்போயிருக்கலாம் என்று முதல்முறையாக எனக்குள் வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தேன். இத்தனை மாதமும் அந்த வார்த்தையிடமிருந்துதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். சொன்ன பிறகும் நான் உட்கார்ந்துதான் இருந்தேன். மதினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் மலையைத்தான் பார்த்தார்.

திரும்பும்போது பஸ் உத்தமபாளையம் தாண்டியதும் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. நடத்துனர் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். பெண்களை விட்டுவிட்டார். ஆனால் மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். நானும் அவர் பக்கத்தில் போய்த் தள்ளினேன். கரிப்புகை எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. பஸ் கிளம்பியபோது மதினி என் மூக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார். தேவாரத்துக்குப் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதன் பிறகும் பல மாதம், பேச்சு நடுவில் அவர் திடீரென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொள்வேன்.

ஊருக்குள் எங்கள் கூட்டிலிருந்துதான் சீக்கு பரவியது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் மதினி. வைக்கோற்போர் வீட்டுக்காரியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் எட்டுக் கோழி பறிகொடுத்தவள். "சந்தையில இருந்து நாங்களுந்தேன் வாரவாரம் எதையாச்சும் கொண்டாறோம். போ" என்றாள். கறுப்புக் கோழி அடுத்து அடைகாத்தபோது முதல் ஈட்டுக் குஞ்சுகளில் பாதியை அவளுக்குக் கொடுத்தோம்.

கூட்டை இரண்டு மாதம் வெயிலில் போட்டுவைத்தோம். பிறகு தினம் காலையில் ஒரு தடவை மட்டும் சுரண்டினேன். மதினி பானை வாயின் துணியை அவிழ்த்து, சாயங்காலம் அரைக் கைப்பிடி குருணையை என் கையில் தாமே வைப்பார். "இதுக்கு மேல கேக்காதே" என்பார். நான் கேட்கவில்லை.

அந்த வருஷம் மழை பிடித்த பிறகு கடிதம் வந்தது. தபால்காரரே கொண்டுவந்து கொடுத்தார். பட்டாளத்துத் தணிக்கையில் பாதி வரிகளை மையால் அடித்திருந்தார்கள். அசாம் பக்கம் எங்கோ காய்ச்சலில் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். கை நடுங்கியதால் எழுதவில்லையாம். மதினிக்கு எழுத்துத் தெரியாது. அடித்த வரிகளில் என்ன இருந்திருக்கும் என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

யுத்தம் முடிந்து என் கணவர் வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். வந்த ஒரு மணி நேரத்திலேயே கொல்லைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"கறுப்பைத் தவிரப் பழைய கோழி ஒண்ணையும் காணலையே. என்னாச்சு?"

மதினி அவர் இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "சீக்கு வந்துச்சு. போச்சு" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

சாப்பிட்ட பிறகு அவர் படுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன், கடிதம் நின்ற நாளிலிருந்து. புளிய மரத்தடிக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு அவரே எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். "எங்கன விட்ட?" என்று கேட்டார். மீதியையும் சொன்னேன்.